ஒன்பதாம் மதகில் கை தட்டியவள்

இடைவேளை முடிஞ்சு விளக்கை அணைச்சிட்டாங்க, இப்பவாவது எழுந்து போயிடலாமான்னு இன்னொரு தடவை நினைக்கறேன், எழுந்திருக்கல. வாங்கிக் கொடுத்த பப்ஸ் சியாமளி மடியில காகிதத்தோட அப்படியே இருக்கு, ஒரு கடி கடிக்கல, எண்ணெய் ஊறி சுடிதார்ல இறங்கப் போகுது, கீழ வைடின்னா வைப்பா, சாப்பிடுன்னா சாப்பிடுவா, சொல்லலைன்னா அப்படியே உக்காந்திருப்பா. முன்னெல்லாம் நான் ஒண்ணு சொன்னா ஒம்போது சொல்றவ. இப்ப எதைச் சொன்னாலும் செய்யறா, அதுதான் எனக்குப் பயமா இருக்கு. இன்னும் ஒரு மணி நேரப் படம் இருக்குமா, இருக்கும், அதுக்குள்ள அந்த மதகு வந்துடும். இப்ப படமா எடுத்திருக்கற அந்தத் தொடர்கதையில கதாநாயகி வாய்க்கால்ல ஒன்பதாம் மதகுக்குப் போறா, செருப்பைக் கழட்டிக் கரையில வைக்கறா, அடுத்த வரியில செருப்பு மட்டும் இருக்கு, முற்றும் போட்டுட்டார் மனுஷன். அந்த ஒரு வரிக்குத் தமிழ்நாடே அழுதுச்சு. அப்படிச் செருப்பைக் கழட்டி வச்சவ பேரு சியாமளி. என் பக்கத்துல பப்ஸை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கறவ பேரும் சியாமளி. பேரு வச்சவ நான்.

யாரு கேட்டாலும் ஒண்ணுதான் சொல்வேன், நான் வச்சப்ப அவ சாகல. தொடர் பாதியில ஓடிட்டிருந்துச்சு. பிரசவ வார்டுல கால் நீட்டிப் படுத்துக்கிட்டு அந்த வாரப் புஸ்தகத்தைப் படிச்சேன், இவங்கப்பா பஸ் ஸ்டாண்டுல வாங்கிட்டு வந்தது, பிளாஸ்குல காபி, கக்கத்துல புஸ்தகம், அப்படித்தான் வந்தாரு பாவம். அந்த வாரம் சியாமளி ஹெட்மாஸ்டரை நேருக்கு நேர் நின்னு நாலு கேள்வி கேட்டுட்டு, வேலையும் வேணாம் ஒண்ணும் வேணாம்னு வெளிய வந்து, பெட்டிக்கடையில ஒரு பன்னீர் சோடா வாங்கி நின்னுக்கிட்டே குடிச்சா. ஒரு பொம்பளை நடுரோட்டுல நின்னுக்கிட்டு அண்ணாந்து சோடா குடிக்கறா, படம் வேற போட்டிருந்தாங்க அதுக்கு, எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சுது. அந்த சோடாவுக்காகத்தான் பேரு வச்சேன். மாமியார் அவங்க மாமியார் பேரை வைக்கணும்னு ஒத்தைக் காலில நின்னாங்க, நான் விடல. என்னைப்போல இந்த ஊர்லயே எத்தனை பேரு வச்சிருப்பாங்க, ஸ்கூல்ல இவ வகுப்புலயே மூணு சியாமளி. இவ தவழ ஆரம்பிச்சப்ப கதை மதகுப் பக்கம் திரும்பிடுச்சு, எனக்கு வாசனை தெரிஞ்சுபோச்சு, வாரா வாரம் அவ தண்ணியைப் பார்த்துக்கிட்டு நிக்கறா, சும்மாவா நிப்பா. கதை எழுதறவருக்கே ஒரு கார்டு எழுதிப் போட்டேன். ஐயா, என் பெண்ணுக்கு இந்தப் பெயர் வைத்திருக்கிறேன், தயவுசெய்து சியாமளியைக் கொன்றுவிடாதீர்கள்னு. என்னைப்போல நிறைய பேரு எழுதியிருக்கணும். என்ன பிரயோஜனம், தள்ளிவிட்டுட்டார். அடுத்த வாரம் வாசகர் கடிதம் ரெண்டு பக்கம், கண்ணீர் விட்டோம், இதைவிடச் சிறந்த முடிவு கிடையாது, வாழ்ந்திருந்தால் சியாமளி மறந்துபோயிருப்பாள், இறந்ததால் வாழ்கிறாள். எல்லாம் யாரோ பெத்த பொண்ணுதானே. புஸ்தகத்தைச் சுருட்டி அடுப்புல போட்டேன், மாமியார் வந்து பார்த்துட்டு, அந்தக் கதைக்காரி போயிட்டாளாமே, போனவ பேரா என் பேத்திக்குன்னாங்க, இன்னும் நாலு தெரு தள்ளிப் போயும் சொன்னாங்க.

முன்வரிசையில ஒரு பெரியவர், இடைவேளைக்கு முன்னாடியிலிருந்து பிராணனை வாங்கறாரு. இந்த சீன் கதையில கிடையாது. இது கதையில கிடையவே கிடையாது. இந்த வசனம் அவ சொல்றது இல்ல, அவ அண்ணன் சொல்றது. பக்கத்துல அவர் சம்சாரம் தலையைச் சாய்ச்சுத் தூங்குது, புண்ணியவதி. தொடரா வந்தப்பவே படிச்சவன் நான், கிழிச்சு பைண்டு பண்ணி வச்சிருக்கேன்னு யாரும் கேக்காமலே திரும்பிப் பின்வரிசைக்குச் சொல்றாரு. பின்வரிசையில மூணு காலேஜ் பொண்ணுங்க, அதுங்களும் படிச்சிருக்குதுங்க போல, சோடா சீன் எங்கடி, சோடா சீனையே தூக்கிட்டானுங்கடின்னு ஒண்ணு புலம்புது. ஆமா, தூக்கிட்டாங்க. ஹெட்மாஸ்டர் ரூம்லருந்து வெளிய வந்து மழையில நனைஞ்சு ஒரு பாட்டுப் பாடறா. நானும் அதைத்தான் எதிர்பார்த்து உக்காந்திருந்தேன், இவ பாக்கட்டும், உனக்கு ஏன் இந்தப் பேரு வச்சேன்னு நீயே பாருடின்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டிருந்தேன், பாட்டு வந்ததும் சப்புனு போயிடுச்சு. சியாமளி முகத்தைப் பார்த்தேன். நீல வெளிச்சம் விழுது, பச்சை விழுது, அவ கண்ணு அசையல. ஆஸ்பத்திரியில முதல் நாள் இப்படித்தான் மேல ஓடற ஃபேனைப் பார்த்துக்கிட்டிருந்தா. நினைக்கக்கூடாது, அதை நினைக்கக்கூடாதுன்னு சாமி சத்தியமா முடிவு பண்ணிட்டுத்தான் கிளம்பினேன். பப்ஸை எடுத்துக் கீழ வச்சேன். அவ மடி கூட அசையல.

ஏன் இந்தப் படத்துக்குக் கூட்டிட்டு வந்தேன்னு நாளைக்கு யாராவது கேட்டா என்ன சொல்றது. இவ ஓசூர்ல புருஷன் வீட்டுலருந்து வந்து ரெண்டு வாரமாச்சு, வாயைத் திறக்கல. டாக்டர்கிட்டப் போயிட்டு ஆட்டோவுல வரும்போது போஸ்டரைப் பார்த்துட்டு, போலாமாம்மான்னா. அவளா கேட்டது அது ஒண்ணுதான். எனக்கு உச்சி குளிர்ந்துபோச்சு, எந்தப் படம், என்ன முடிவுன்னெல்லாம் அப்ப எங்க புத்தி வந்துச்சு, சரிடி கண்ணு போலாம்னு சொல்லிட்டேன். ராத்திரி படுத்ததுக்கு அப்புறம்தான் செருப்பு ஞாபகம் வந்து எழுந்து உக்காந்தேன். மாட்டேன்னு சொன்னா திரும்ப வாயை மூடிடுவாளோ, சரின்னு போனா என்ன ஆகுமோ. மதகு வரும்போது பாத்ரூம் வருதுடி, கூட வாடின்னு இழுத்துட்டுப் போயிடறதுன்னு ஒரு ஏற்பாடு பண்ணிக்கிட்டேன் மனசுக்குள்ள, பெரிய ராஜதந்திரி. என் அண்ணன்கிட்டச் சொல்லல, சொன்னா கத்துவாரு. அண்ணன்தான் எல்லாம் பேசி முடிச்சாரு. மாப்பிள்ளை நாளைக்குக் காலையில வந்து கூட்டிட்டுப் போறாரு. பிரசன்னா ஒண்ணும் குடிகாரன் இல்ல புஷ்பா, கை நீட்டறவன் இல்ல, என்ன கொற அவன்கிட்டன்னு அண்ணன் கேட்டாரு. என்னன்னு சொல்ல. ஆபீஸ் போறப்ப வீட்டை வெளியில பூட்டிட்டுப் போறாரு, அவ்வளவுதான். பால்காரன் வந்தா ஜன்னல் வழியா வாங்கணும். திருட்டு பயம், புது லேஅவுட்டு, பாதுகாப்புக்குன்னாரு. முதல்ல இவ போன்ல சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா, என்னை லாக்கர்ல வச்சிருக்காரும்மான்னு. நானும் சிரிச்சேன், நகை மாதிரி வச்சுத் தாங்கறாரு போடின்னேன். அப்புறம் சிரிக்காமச் சொன்னா. அப்புறம் சொல்லவே இல்ல. அன்னிக்குப் பக்கத்து வீட்டுக்காரங்க பூட்டை உடைச்சுத்தான் எடுத்தாங்க, கொஞ்சம் தாமதமாகியிருந்தா, வேண்டாம், நினைக்கக்கூடாது. இனிமே பூட்ட மாட்டேன் அத்தை, சத்தியம்னு மாப்பிள்ளை போன்ல அழுதாரு. ஆம்பளை அழுதா எனக்குக் கை கால் ஓடாது. அண்ணன் சொன்னாரு, நீ இருக்கிற ரெண்டு ரூம் வீட்டுல எத்தனை நாள் வச்சிருப்பே, அவங்கப்பாவும் இல்ல, நீ கண்ணை மூடினா அவளுக்கு யாரு. அதுவும் நியாயமாத்தான் பட்டுச்சு. சியாமி, மாப்பிள்ளை ஞாயித்துக்கிழமை வராருடின்னேன். தலையாட்டினா. நான் அதைச் சம்மதம்னு அண்ணன்கிட்டச் சொல்லிட்டேன். சம்மதம்தானே. தலையாட்டினா சம்மதம் இல்லாம வேற என்ன.

வந்துடுச்சு. தண்ணி காட்டறாங்க. வாய்க்கால் ரெண்டு கரையும் தொட்டுக்கிட்டு ஓடுது, பாட்டு இல்ல, ஒண்ணும் இல்ல, தண்ணி சத்தம் மட்டும், தியேட்டர்ல அத்தனை பக்கத்துலருந்தும் வருது, காலுக்கடியில ஓடற மாதிரி இருக்கு. பெரியவர் கூட வாயை மூடிட்டாரு. பின்னாடி பொண்ணுங்க பாப்கார்ன் கொறிக்கறதை நிறுத்திடுச்சுங்க. எல்லாரும் காத்திருக்காங்க, எதுக்குக் காத்திருக்காங்கன்னு எனக்குத் தெரியும், அந்தச் செருப்புக்கு. இப்ப எழுந்திருக்கணும். சியாமின்னு கூப்பிட்டேன். கையைப் பிடிச்சேன், ஐஸ் மாதிரி இருந்துச்சு ஏசியில. வாடி, பாத்ரூம். காதுல விழல, இல்ல விழுந்தும் திரும்பல. உடம்பை முன்னால சாய்ச்சுக்கிட்டுப் பாக்கறா, ரெண்டு வாரத்துல அவ எதையாச்சும் இப்படிப் பார்த்து நான் பாக்கல. ஒண்ணு, ரெண்டுன்னு மதகு மேல எழுதியிருக்கறது வரிசையா போகுது, அவ நடக்கறா, ஏழு, எட்டு, ஐயா எழுதினவரே, நீரு போய்ச் சேர்ந்துட்டீரு, நான் போட்ட கார்டு உம்ம கைக்கு வந்துச்சா இல்லையா. ஒன்பது. நின்னுட்டா. குனிஞ்சு செருப்பைக் கழட்டறா. இடது கால். நான் கண்ணை மூடிக்கிட்டேன். இவ கையை மட்டும் விடல, நாடி துடிக்கறது என் விரல்ல தெரியுது, துடிக்கட்டும், துடிச்சுக்கிட்டே இருக்கட்டும். அப்ப ஒரு குரல், சியாமளீன்னு, தியேட்டரே அதிர்ற மாதிரி. கண்ணைத் திறந்தா திரையில அவ புருஷன் ஓடி வரான், வேட்டி தடுக்க ஓடி வரான், கதையில அவன் வரவே மாட்டான், இதுல வந்து கையைப் பிடிச்சு இழுத்துட்டான். கரையில விழுந்து ரெண்டு பேரும் அழுவறாங்க. நான் திருந்திட்டேன் சியாமளி, வீட்டுக்கு வான்னு அவன் சொல்றான். பிழைச்சுட்டா. அடக் கடவுளே, பிழைச்சுட்டா. எத்தனையோ வருஷம் கழிச்சு யாரோ ஒரு புண்ணியவான் என் கார்டைப் படிச்ச மாதிரி இருந்துச்சு, என் நெஞ்சுல இருந்த கல்லு உருண்டு போச்சு, அவன் அவளைத் தோளோட அணைச்சு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறான், தெருவே ஆரத்தி எடுக்குது, நான் என்ன பண்றேன்னு எனக்கே தெரியல, இவ கையை விட்டுட்டு ரெண்டு கையாலயும் தட்டறேன், கண்ணுல தண்ணி கொட்டக் கொட்டத் தட்டறேன். அவங்க உள்ள போனாங்க. கதவு சாத்திக்கிச்சு. கேமரா வெளியிலயே நிக்குது. உள்ள தாழ்ப்பாள் விழற சத்தம், அவ்வளவு பெரிய ஸ்பீக்கர்ல, டக்குனு. பக்கத்துல சியாமளி உடம்பு தூக்கிப் போட்டுச்சு. திரும்பினேன். அவ திரையைப் பாக்கல. தட்டறதுக்காகத் தூக்கின என் கை ரெண்டையும் பாத்துக்கிட்டிருந்தா.

விளக்கைப் போட்டுட்டாங்க. அந்தத் தியேட்டர்ல தட்டினது நான் ஒருத்திதான். பெரியவர் எழுந்து நின்னு என்னைத் திரும்பிப் பார்த்தாரு, பார்வையாலயே எரிச்சுடுவாரு போல. அவ சாகணும்யா, அதுதான் கதை, இவனுங்க யாரு அவளைக் காப்பாத்தறதுக்கு, இத்தனை வருஷம் சாமி மாதிரி வச்சிருந்தேன், நாசம் பண்ணிட்டானுங்கன்னு புலம்ப ஆரம்பிச்சுட்டாரு, நிஜமாவே அழுதாரு மனுஷன். சம்சாரம் முழிச்சுக்கிட்டு, செத்துட்டாளாங்கன்னு கேட்டுச்சு. சாகலடி, அதுதான் கஷ்டம்னாரு. பின்னாடி பொண்ணுங்க, செம மொக்கைடி, செத்திருந்தா அழுதுட்டு நிம்மதியா போயிருக்கலாம்னு சொல்லிக்கிட்டே படியிறங்குதுங்க. எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல. வாசகர் கடிதம் எழுதினதுங்கதான் உருவம் மாறி வந்து உக்காந்திருக்குதுங்க. உங்க வீட்டுல ஒருத்தி அந்த ஃபேனைப் பார்த்துக்கிட்டுப் படுத்திருந்தா தெரியும்டி உங்களுக்குன்னு கத்தணும் போல இருந்துச்சு. அதுக்குள்ள சியாமளி எழுந்து முன்னால நடந்தா, நான் பிடிக்கப் போன கையைப் பர்ஸுல விட்டுக்கிட்டா.

வெளிய படிக்கட்டுல மைக்கை நீட்டிக்கிட்டு நாலஞ்சு பேரு நிக்கறாங்க, படம் பார்த்துட்டு வர்றவங்களை மறிச்சுக் கேட்டு போன்ல போடறவங்க. பெரியவர் ஏற்கெனவே ஒரு மைக்கைப் பிடிச்சுக்கிட்டு விட மாட்டேங்கறாரு. தாடி வச்ச ஒருத்தன் சியாமளிக்கு முன்னால நீட்டினான். அக்கா, படம் எப்படி இருக்கு, நாவல் படிச்சிருக்கீங்களா, முடிவை மாத்திட்டாங்கன்னு எல்லாரும் கோவமா இருக்காங்களே, நீங்க என்ன சொல்றீங்க. அவ பேச மாட்டாப்பா, வழி விடுன்னு நான் நடுவுல போனேன். ஆனா அவ பேசினா. ரெண்டு வாரமா என்கிட்ட அந்த ஒரு வார்த்தை தவிரப் பேசாதவ, டாக்டர்கிட்டப் பேசாதவ, எவனோ ஒருத்தன் மைக்குல நிதானமாப் பேசினா. முடிவை எங்க மாத்தினாங்க, ரெண்டும் ஒண்ணுதான். கதையில தண்ணிக்குள்ள போறா, இதுல வீட்டுக்குள்ள போறா. அவ எதுக்கு மதகு வரைக்கும் வந்தான்னு அவன் ஒரு வார்த்தை கேக்கல. வா வீட்டுக்குங்கறான், இவ போறா. எல்லாரும் சந்தோஷமா கதவைச் சாத்திட்டாங்க. எங்க அம்மா கூட கை தட்டினாங்க. தாடிக்காரன் முகம் மலர்ந்துடுச்சு, செம அக்கா, வேற லெவல், உங்க பேரு சொல்லுங்கன்னான். சியாமளின்னா. ஐயோ சூப்பர், கதை பேரே உங்களுக்கான்னு அவன் சிரிக்க, சுத்தி நின்னவங்களும் சிரிச்சாங்க. அவன் மைக்கை என் பக்கம் திருப்பினான். அம்மா, நீங்க ஏம்மா கை தட்டினீங்க. நான் மைக்கைப் பார்த்தேன், அதுல கறுப்பா ஒரு பஞ்சு உறை, என் வாய்க்குக் கிட்டக்க. அதைக் கையால ஒதுக்கிட்டு சியாமளி பின்னால படியிறங்கினேன்.

ரோட்டோரம் ஒரு ஆட்டோ நின்னுச்சு, அவ ஏறினா, நான் பின்னால ஏறினேன். வெயில் இன்னும் இறங்கல. பையில போன் அடிச்சுது, அண்ணன். எடுத்தேன். எங்கடி இருக்கே, மாப்பிள்ளை பொறுக்க முடியாம இன்னிக்கே கிளம்பி வந்துட்டாரு, உன் வீட்டு வாசல்ல கார்ல உக்காந்திருக்காரு, பொண்ணைக் கிளப்பி வைன்னாரு. அவரு எப்பவும் சத்தமாத்தான் பேசுவாரு, ஆட்டோக்காரருக்கே கேட்டிருக்கும். நான் அப்படியே போனை வச்சுட்டேன். சியாமளி ரோட்டைப் பார்த்துக்கிட்டிருந்தா, மடியில ரெண்டு கையையும் அடுக்கி வச்சுக்கிட்டு, பப்ஸு இருந்த இடத்துல எண்ணெய்க்கறை, துவைச்சாலும் போகாது. எங்கம்மா போகணும்னு ஆட்டோக்காரர் கேட்டாரு. வீடு இருக்கற தில்லை நகர் பேரைச் சொல்ல என் வாய் பாதி திறந்துடுச்சு, அது தானா திறக்கற வாய், எத்தனை வருஷப் பழக்கம். மூடிக்கிட்டேன். அவ பக்கம் திரும்பினேன். உன்னைத்தான் கேக்கறாரு, நீ சொல்லு சியாமி, எங்க போகணுமோ சொல்லு, எங்கன்னாலும் நான் வரேன், யாரு வாசல்ல உக்காந்திருந்தா எனக்கென்ன. சத்தியமா மனசாரத்தான் கேட்டேன். அவ என்னைப் பார்த்தா. பார்த்துட்டு உதட்டை ஒரு தடவை ஈரம் பண்ணிக்கிட்டா, யோசிச்சா, பஸ் ஸ்டாண்டு பக்கம் பார்த்தா, பாலத்துப் பக்கம் பார்த்தா. இப்ப சொல்லுவா, இப்ப ஏதாச்சும் ஒரு பேரைச் சொல்லுவான்னு அவ வாயையே பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கேன். சொல்றதுக்கு அவகிட்ட ஒரு இடம் இல்ல. போன் திரும்ப அடிக்க ஆரம்பிச்சுது. இடத்தைச் சொன்னாத்தானேம்மா வண்டியை எடுக்க முடியும்னு சொல்லிட்டு ஆட்டோக்காரர் இஞ்சினை அணைச்சாரு.